நிக்கும்னா நிக்கும்!

"உள்ள யாருங்க? போர்டு எழுதித் தொங்க விட்டிருக்கேன்ல... கண்ணு தெரியலையா?"

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பயந்த குரல்தான்... ஆனால் திமிருக்குக் குறைச்சல் இல்லை.

"படிச்சேங்க. 'திஸ் லிஃப்ட் வில் ஸ்டாப் இன் மிடில்'னு போட்டிருந்துச்சு. எதிர்காலம்னு நெனச்சேன்!"

"என்னது?"

"வில்னு போட்டா இனிமேதான் நிக்கப்போகுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள மேல போயிடலாம்னு..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறாள். பேன்ட் பாக்கெட்டில் எந்நேரமும் ஸ்பேனர் இருப்பதால் கம்பெனியில் அவளுக்குப் பெயரே ஸ்பேனர். மாட்டிக்கொண்டவர்கள் அழுது பார்த்திருக்கிறாள், சாமி கும்பிட்டுப் பார்த்திருக்கிறாள். இலக்கணம் பேசுகிறவனை இன்றுதான் பார்க்கிறாள்!

மெயினை அணைத்தாள். மூன்றாவது மாடிக் கதவைச் சாவி போட்டு விலக்கி, தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அவன் நிமிர்ந்தான்.

மேலே... எட்டிவிடும் தூரத்தில்... நெற்றியில் ஒரு கிரீஸ் கோடு. அதற்குக் கீழே இரண்டு பெரிய கண்கள். கோபமாகத்தான் இருந்தன. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. கையைக் கொடுக்க மறந்துபோனான் அவன்.

"கையைக் குடுங்க சார். பாத்துக்கிட்டே இருந்தா மேல வந்துட மாட்டீங்க!"

இழுத்த இழுப்பில் அவனுடைய வெள்ளைச் சட்டைக் கையில் அவளுடைய ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்தன. அந்தச் சட்டையை இனி எந்தக் காலத்திலும் துவைக்கப்போவதில்லை என்று அப்போது அவனுக்கே தெரியாது.

மூன்றாவது மாடி இங்கிலீஷ் வகுப்புக்கு வந்த புது வாத்தியார் அவன். அன்றுதான் முதல் நாள்.

"இவ்வளவு ஆபத்தா இருந்தா லிஃப்டை நிறுத்தியிருக்கலாமே?" என்றான்.

"நிறுத்தக் கூடாதுன்னு ஓனர் சொன்னாரு. அதான் போர்டு. இனி அவரே வந்து நின்னாலும் போட மாட்டேன். சனிக்கிழமை புது பார்ட் மாட்டுன பிறகுதான்." மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் ஒயர் சீவிக்கொண்டிருந்தபோது, இரண்டு கையிலும் டீயோடு வந்து நின்றான்.

"நேத்து ஒரு நன்றிகூட சொல்லல... ஆமா, போர்டுல அந்த 'வில்' ஏன் போட்டீங்க?"

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"அந்த வார்த்தை என்னை விடாது போல சார். போன வருஷம் சூப்பர்வைசர் இன்டர்வியூ. லிஃப்ட் கயிறை செக் பண்ணுவீங்களான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. 'ஐ வில் செக் எவ்ரி மன்த்'னேன். அப்ப இதுவரைக்கும் பண்ணதே இல்லையான்னு சிரிச்சு, அனுபவம் இல்லைன்னு எழுதிட்டாங்க. ஆறு வருஷம் சார்! வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இதுவும் போனா இனி சான்ஸே கெடையாது. வேலையை விட்டுட்டு வா, மாப்பிள்ளை பாக்குறேன்னு அண்ணன் வேற ஒத்தக்கால்ல நிக்கிறான்."

அவன் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"தப்பு உங்க மேல இல்லைங்க. நம்ம தமிழ் பண்ற வேலை அது. 'அப்பா தினமும் நடப்பாரு'ன்னா பழக்கம். 'அப்பா நாளைக்கு நடப்பாரு'ன்னா எதிர்காலம். நமக்கு ரெண்டுக்கும் ஒரே நடப்பாருதான், போர்டுல நீங்க நெனச்ச 'நிக்கும்' மாதிரி. இங்கிலீஷ்ல அப்படிக் கலக்க முடியாது. பழக்கத்துக்கு வெறும் 'ஐ செக்'. இனி நடக்கப்போறதுக்கும், வாக்குக் குடுக்குறதுக்கும்தான் வில்."

அவ்வளவுதானா? ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லை இவன் டீ ஆறுவதற்குள் நகர்த்திவிட்டானே!

"சரி சார். தினமும் இப்படித்தான் ரெண்டு டீ வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"பழக்கமா, எதிர்காலமா?"

"நேத்து வரைக்கும் ஒரு டீதாங்க..."

அவள் குனிந்து ஒயரைச் சீவினாள். தேவைக்கு மேலேயே சீவினாள். புதன்கிழமையும் இரண்டு டீ வந்தது. இன்டர்வியூவில் கேட்கக்கூடிய கேள்வி நாற்பதை எழுதி எடுத்து வந்திருந்தான் அவன்.

வியாழக்கிழமை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

பையைத் தூக்கிக்கொண்டு அவள் மூன்றாவது மாடியைக் கடக்கும்போது வகுப்பறையில் ஒரே சிரிப்பு. கரும்பலகையில் அவளுடைய வாக்கியம்... "திஸ் லிஃப்ட் வில் ஸ்டாப்." அதன் கீழே ஒரு லிஃப்ட் படம். இப்படித் தமிழை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப் போட்டால் இதுதான் கதி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான் வாத்தியார். அவனும்தான்... அவனும்தான் சிரித்தான்!

கண்ணில் நீர் முட்டியது. விழ விடவில்லை. வாசலில் போய் நின்றாள்.

"சார்... அதைப் படிச்சும் அந்த லிஃப்ட்ல ஏறுன புத்திசாலி யாருன்னும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க சார்."

சிரிப்பு நின்றுபோனது. அவன் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அவன் வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவள் நான்கு நான்கு படியாக இறங்கிப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. நனைந்த குடையோடு இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்லிக்கொடுத்ததை வைத்தா ஜெயிக்க வேண்டும்? வேண்டவே வேண்டாம்! பழையபடியே உளறிவிட்டு வந்துவிடலாமா?... சே, என்ன பைத்தியக்காரத்தனம். ஸ்பேனரை யார் கொடுத்தால் என்ன, முறுக்குகிற கை என்னுடையதல்லவா?

உள்ளே மூன்று பேர். அதே கேள்வி. அதே வழுக்கைத் தலை அதிகாரி.

"ஐ செக் எவ்ரி மன்த்," என்றாள். "ஐ செக்ட் லாஸ்ட் மன்த். ஐ வில் செக் நெக்ஸ்ட் மன்த்."

பழக்கம், முடிந்தது, வரப்போவது... மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு அடுத்த குண்டைப் போட்டார். உன் கீழே பன்னிரண்டு ஆண்கள் இருப்பார்கள், ஒரு பெண் சொன்னால் கேட்பார்களா?

அவளுக்குச் சாவி கேட்டுத் தோற்றுப்போன ஓனரின் முகமும், பூட்டிய மெயின் பெட்டியும் ஞாபகம் வந்தன.

"தே வில்."

இரண்டே வார்த்தை. அந்த அதிகாரி எழுந்து கை கொடுத்தார்! வெளியே வந்து குடையை விரிக்கக்கூட மறந்து, மழையில் நனைந்துகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"மாப்பிள்ளையை நானே பாத்துக்கிறேன்ணே. நீ போய் ஸ்வீட் வாங்கு!"

சொன்ன பிறகுதான் திக்கென்றது. யாரை நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாள்?

சனிக்கிழமை பார்ட் வந்தது. மாட்டி முடித்து, போர்டைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய வரிக்குக் கீழே சாக்பீஸில் புதிதாக எழுதியிருந்தது.

'நின்றது. படித்தும் ஏறியவன் நான். போர்டில் தப்பில்லை, வாத்தியாரிடம்தான் தப்பு.'

"வகுப்புலயும் இதையே எழுதிப் போட்டுட்டேங்க."

பின்னால் அவன். கையில் இரண்டு டீ. கறுப்பு விரல்கள் பதிந்த அதே வெள்ளைச் சட்டை.

"துவைக்கலையா சார்?"

"மாட்டேன்."

"இன்டர்வியூ என்னாச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கணுமா? உங்க முகம்தான் ஊருக்கே சொல்லுதே சூப்பர்வைசர் மேடம்!"

கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டைத் திறந்தாள். "ஏறுங்க. முதல் ட்ரிப்."

அவன் உள்ளே வந்தான். கதவு மூடியது.

"இனிமே நிக்காதுல்ல?"

"நிக்காது."

இரண்டாவது மாடி தாண்டியது. அந்த இடம் வந்தது... அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். லிஃப்ட் வழுக்கிக்கொண்டு மேலே போனது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "தினமும் அந்தப் படியில உங்களைத் தேடுவேன்."

"பழக்கமா, எதிர்காலமா?"

"ரெண்டும்ங்க. நம்ம தமிழ்தான் சரி. ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் கன்னம் சூடாகியது. ஆனால் நேற்று மூன்று பேரை ஜெயித்தவள், இந்த ஒருவனிடமா தடுமாறுவாள்?

"அப்ப இதுக்கு மட்டும் இங்கிலீஷ்ல பதில் சொல்லுங்க சார். என்னைக் கட்டிக்குவீங்களா?"

வாத்தியார் வேகவேகமாகத் தலையாட்டினான்.

"தலையாட்டுறது எந்த டென்ஸ் சார்?"

கதவு திறந்தது. வெளியே வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெரிய கண்களை மட்டும் பார்த்து, மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"ஐ வில்!"