வலிதாங்கி

காலை ஆறு மணிக்குப் பூங்கோதையின் முழங்கால் வலி, வழக்கம்போல, கூடத்து மூலையில் நின்ற இயந்திரத்துக்கு மாற்றப்பட்டது. அது “அம்மாடி” என்று முனகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. பூங்கோதை எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, காப்பி போடப் போனாள்.

இதில் வியக்க அந்தக் காலத்தில் ஒன்றுமில்லை. மூட்டுக்குள் அரிசி அளவில் ஓர் உணரியை வைத்துவிட்டால், வலி மூளைக்குப் போகாமல் வலிதாங்கிக்குப் போய்விடும். வலியை அழிக்க விஞ்ஞானிகளால் முடியவில்லை. இடம் மாற்றத்தான் முடிந்தது. திருச்சியின் நாற்பது மாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. பூங்கோதைக்கு அதை அனுப்பியவர்கள் நிலவில் வேலை பார்க்கும் மகன் இளங்குமரனும் மகள் நிறைமதியும். ‘வலிதான் போகும், மூட்டுத் தேய்மானம் போகாது. வலிப்பதாக நினைத்தே நடக்கவும்’ என்று கூட வந்த குறிப்பின் முதல் வரியிலேயே இருந்தது. குறிப்பையெல்லாம் யார் படிக்கிறார்கள்? உறை பிரியாமலே அது அலமாரிக்குள் போயிற்று.

அறுபத்தெட்டு வயதில் பூங்கோதை சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குந்திக்கொண்டு தரை துடைத்தாள். மின்தூக்கியை விட்டுவிட்டுப் பதினோரு மாடி படியேறி, பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையும் அடித்துக்கொண்டாள். பாவம், வலிதாங்கிதான் நடக்கக் கற்றுக்கொண்டது. வலது மூட்டில் வலி அதிகம் என்பதால் இடது கையில் கம்பு பிடித்தது. சுவரைத் தொட்டுத் தொட்டு நிதானமாக அடி வைத்தது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, வேளை தவறாமல் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தது. வலி யாரிடம் இருக்கிறதோ அவர்தானே ஒழுங்காக நடப்பார்?

வலியோடு இன்னொன்றும் இடம் மாறிவிட்டது. முன்பெல்லாம் பிள்ளைகள் தினமும் அழைத்து, எந்தத் தைலம் தேய்த்தாய், எவ்வளவு தூரம் நடந்தாய் என்று அரைமணி நேரம் பேசுவார்கள். இப்போது அழைப்பு நேராக வலிதாங்கிக்குப் போயிற்று. அது அன்றைய வலி எவ்வளவு என்று சொல்லும். பின்னால் நிற்கும் அம்மாவிடம், “நல்லாத்தானேம்மா இருக்க?” என்பான் இளங்குமரன். “நல்லாத்தான் இருக்கேன்ப்பா” என்பாள். அத்தோடு சரி. எதிர்வீட்டுச் செண்பகம்கூட வந்தால் இயந்திரத்தின் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பூங்கோதைக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

பத்தாவது மாதம் படியிறங்கும்போது அவளுடைய வலது முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் வலிதாங்கி அலறியதைக் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள்.

“எலும்போட எலும்பு உரசுதும்மா. இதை மிஷின்கிட்ட விட்டது போதும். வலியை நீங்களே திரும்ப வாங்கிக்குங்க. எங்க நிறுத்தணும்னு அதுதான் சொல்லும். கம்பு பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நடந்தீங்கன்னா ரெண்டு மூணு மாசத்துல நடை வந்துடும். இல்லைன்னா சக்கர நாற்காலிதான்” என்றார் டாக்டர்.

பூங்கோதை வலியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முதல் நாள் தாங்கமுடியாமல் அழுதாள். இரண்டாம் நாள் கட்டிலிலிருந்து இரண்டடி. வலி கூடினால் நின்றாள், குறைந்தால் அடியெடுத்து வைத்தாள். இருபதாம் நாள் கம்போடு ஜன்னல்வரை ஒன்பது அடி நடந்துவிட்டாள். மனசு நிறைந்துபோயிற்று.

அன்றைக்கென்று அவளையே நேராக அழைத்தார்கள் பிள்ளைகள். திரையில் இரண்டு முகங்களும் தெரிந்தன.

“வலிதாங்கியில மூணு வாரமா ஒண்ணுமே பதிவாகலையேம்மா. ரிப்பேரா?” என்றான் இளங்குமரன்.

“இல்லப்பா, வலியை நானே வச்சிருக்கேன். டாக்டர்தான் சொன்னார். இன்னைக்கு ஒன்பது அடி நடந்தேன். பாக்குறியா?”

அவள் கம்பை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து காட்டினாள். நிறைமதியின் கண் கலங்கிவிட்டது. “உனக்கு என்னம்மா தலையெழுத்தா? நாங்க ரெண்டு பேரு எதுக்கு இருக்கோம்? பெத்தவளை இப்படி வலியோட விட்டிருக்காங்கன்னு நாலு பேரு பேசமாட்டாங்க?”

“வலிச்சாத்தான் கண்ணு நடக்க முடியும்.”

“சும்மா இரும்மா. நாங்க பாத்துக்கறோம்” என்றான் இளங்குமரன்.

ஒரு வாரத்தில் புதிய வலிதாங்கி வந்து இறங்கியது. இதன் விசை நிலவில், பிள்ளைகள் கையில். பூங்கோதை பன்னிரண்டாவது அடியை எடுத்து வைக்கும்போது வலி சட்டென்று நின்றது. கால் தரையைத் தொட்டதா இல்லையா என்றே தெரியாமல் அப்படியே நின்றாள்.

“இப்ப வலிக்குதாம்மா?”

“இல்லப்பா.”

“அப்பாடா” என்று அழைப்பைத் துண்டித்தான் மகன்.

மூன்றே மாதத்தில் சக்கர நாற்காலியும் வந்து சேர்ந்தது. அதையும் பிள்ளைகள்தான் அனுப்பியிருந்தார்கள். இருப்பதிலேயே உயர்ந்த ரகம். இப்படிப்பட்ட பிள்ளைகள் யாருக்குக் கிடைக்கும் என்று குடியிருப்பு முழுவதும் பேசிக்கொண்டார்கள்.