மூச்சுக்குழாயில் ஒரு பின்!

"லொக்... லொக்... லொக்!"

இன்ஸ்பெக்டர் சலிப்போடு கண்களை மூடிக்கொண்டார்.

தலையில் ஃபேன் விழுந்து அண்ணன் செத்துப்போன வழக்கு. ஃபேனைத் தாங்கும் போல்ட்டில் மாட்டியிருக்க வேண்டிய சின்ன இரும்பு பின்னைக் காணோம். வீட்டையே சலித்தாயிற்று. சந்தேகம் தம்பி மேல். அவனோ, கேள்வி கேட்டால் இருமலைத்தான் பதிலாகத் தந்தான். பார்க்கச் சகிக்காமல் அண்ணியே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தாள். பின்னாலேயே இன்ஸ்பெக்டரும்!

டாக்டரம்மா கொட்டாவியை அடக்கியபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"வலது நுரையீரலுக்குக் காத்து சரியா போகலை. மூச்சுக்குழாய்ல ஏதோ அடைச்சிருக்கு. குழாய் விட்டு எடுத்துடலாம்."

தம்பியின் முகம் வெளுத்தது!

"வேணாம் டாக்டர்!"

"எடுக்கலேன்னா சீழ் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து."

"எடுத்தாலும் ஆபத்துதான்..."

இன்ஸ்பெக்டர் சட்டென்று கண் திறந்தார்.

"என்னடா சொன்னே?"

"ஒ... ஒண்ணுமில்ல சார்... லொக்... லொக்!"

"உள்ள இருக்கறது என்னன்னு உனக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. வேணாம்னா விடு. வீட்டுக்குப் போய் இருமிக்கிட்டே சாவு. எனக்கும் தூக்கம் வருது."

நிஜமாகவே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தம்பி மூச்சுக்குத் தவித்தான். மூச்சா... ஜெயிலா? பாவம், யோசிக்கவும் மூச்சு வேண்டுமே!

"சார்... போகாதீங்க! ஸ்டூல் மேல நின்னு ரெண்டு கையாலயும் போல்ட்டைத் தளர்த்திக்கிட்டிருந்தேன். பின்னைப் பல்லுல கடிச்சிருந்தேன். திடீர்னு அண்ணி கூப்பிட்டாங்க... உள்ள போயிடுச்சு!"

"எதுக்குடா அண்ணனை...?"

"தினமும் தண்டச்சோறுன்னு திட்டு சார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

கதவருகே நின்ற அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"படுபாவி! நீ இருமும்போதெல்லாம் வெந்நீர் வெச்சுக் குடுத்தேனேடா!"

யாராலும் அவளைத் தேற்ற முடியவில்லை.

தம்பிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். குழாய் இறங்கியது. இடுக்கி எதையோ கவ்வியது. மெல்ல... மெல்ல... வந்துவிட்டது!

இன்ஸ்பெக்டர் ஆவலோடு கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

பாதி வேர்க்கடலை!

"டாக்டர்... பின் எங்கே?"

"அதை முழுங்கியிருப்பான். எப்பவோ வேற வழியா வெளிய போயிருக்கும். இந்தக் கடலை அதுக்கப்புறம் என்னிக்கோ கொறிக்கும்போது மூச்சுக்குழாய்ல போனது."

"இது இரும்பு இல்லேன்னு முன்னாடியே தெரியுமா?"

"இரும்புன்னா எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியுமே சார்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ரெண்டு பேரும் என்னை எங்க பேச விட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் வேர்க்கடலையை அலுப்போடு பார்த்தார்.

"எத்தனையோ சாட்சியைப் பார்த்துட்டேன் டாக்டர்... கொலை நடந்தப்போ கடையில இருந்த சாட்சி, கேஸை முடிச்சு வெச்சது இதுதான் முதல் தடவை!"