பூவாளிச் சட்டை

செவ்வாயின் தென்குடியேற்றத்தில் தினமும் காலை மணி அடித்ததும் பிள்ளைகளின் சட்டைகள் விழித்துக்கொள்ளும். மார்பில் நெய்திருக்கும் ஒளிச்சின்னம் முதலில் பிள்ளையின் நாடியைப் பார்க்கும். பிறகு அந்தச் சின்னத்தை அணியப் பள்ளியின் உரிமம் இருக்கிறதா என்று உரிம ஆணையத்திடம் கேட்கும். இரண்டும் சரியென்றால்தான் எரியும். ஒரு காலத்தில் பெற்றோர்கள் பெரிய பள்ளிகளின் சின்னத்தைத் திருட்டுத்தனமாகத் தைத்துப் பிள்ளைகளை அனுப்பி அமர்க்களம் செய்ததால் வந்த ஏற்பாடு இது. பூமியை விட்டு வந்தவர்களோடு அந்தப் புத்தியும் கப்பலேறி வந்துவிட்டது.

அஞ்சுகத்தின் மகன் நிலவன் மூன்றாம் வகுப்பு. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பள்ளிச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். நேற்று மாலை மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சின்னம் அணைந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இன்று பகலில், இறந்தவர்களைப் புதைக்கும் தோட்டக்கூடத்து மண்ணில் அவனைச் சேர்க்க வேண்டும். அதற்குள் அந்தச் சின்னம் எரிய வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். “போனவனுக்கு எதுக்கு அஞ்சுகம் அதெல்லாம்?” என்று கணவன் தணிகை சொல்லிப் பார்த்தான். அவள் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு உரிம அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்தது ஓர் எந்திர அலுவலர். பொறுமையாகத்தான் பேசியது.

“உரிமம் மாணவருக்கு மட்டும், அம்மா. உங்கள் மகன் நேற்றிலிருந்து மாணவர் இல்லை.”

“இன்னிக்கு ஒரு நாள் எரியட்டும் சார். செடிக்குத் தண்ணி ஊத்துற பூவாளிதான் அவங்க பள்ளிக்கூடச் சின்னம். மத்த பசங்க கேலி பண்ணுவாங்க. இவன் மட்டும் அதைத் தடவித் தடவிப் பார்ப்பான். அது எரியாம வாசல் தாண்ட மாட்டான் சார்.”

எந்திரம் சட்டம் முழுவதையும் அதற்குள் ஒருமுறை படித்திருக்கும்.

“இறந்தவர் யாருடைய இடத்தையும் பிடிக்கப்போவதில்லை. தேர்வும் எழுதப்போவதில்லை. மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நாடிச் சோதனையையும் நீக்கி அனுமதிக்கிறேன்.”

அஞ்சுகம் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு வரச் சொல்லியிருப்பார்.

“எந்தப் பள்ளியின் சின்னம் வேண்டும்?” என்று கேட்டது எந்திரம்.

“எந்தப் பள்ளின்னா?”

“அவர் இப்போது எந்தப் பள்ளியிலும் இல்லை. ஆகவே எல்லாப் பள்ளியும் எனக்கு ஒன்றுதான். நீங்கள் சொல்வதை ஏற்றிவிடுகிறேன்.”

வாய்வரை வந்த பூவாளி அங்கேயே நின்றுவிட்டது. சிகரம் பள்ளியின் பொன்கழுகு கண்முன் வந்தது. அதன் நுழைவுத் தேர்வில் நிலவன் இரண்டு முறை தோற்றிருந்தான். இரண்டாம் முறை வெளியே வந்து, “எனக்கு பூவாளிப் பள்ளியே போதும்மா” என்று சிரித்தவனை நடுத்தெருவில் வைத்து அடித்தாள்.

“சிகரம்” என்றாள் மெதுவாக.

பகலில் தோட்டக்கூடத்தில் கூட்டம் கூடியது. தொற்றுக் காய்ச்சல் என்பதால் நிலவனின் முகத்தை மூடியிருந்தார்கள். மார்பில் கழுகு தங்கமாக எரிந்தது. பக்கத்து வீட்டு மரகதம் அழுகைக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டாள்.

“சிகரத்துலயா படிச்சான்? சொல்லவே இல்லையேடி.”

“போன மாசம்தான் இடம் கெடச்சுது” என்றாள் அஞ்சுகம். தணிகை தலையைக் குனிந்துகொண்டான். பெற்ற வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்த நேரத்திலும், மரகதத்தின் முகம் மாறியதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அது உண்மை.

அப்போது நிலவனின் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்றோடு வாசலில் வந்து நின்றார்கள். எல்லார் மார்பிலும் பூவாளி. பெரியவர்களின் இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“இது நம்ம நிலவன் இல்லடா. யாரோ சிகரம் பையன்” என்றான் ஒருவன். பிள்ளைகள் அடுத்த கூடத்தைத் தேடி நடந்தார்கள்.

அஞ்சுகம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார்கள். மரகதம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.