கடைசி வரிசையில் கிடந்த கண்டெய்னர்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.40. கடுகண்ணாவையில் மருந்துக் கடை வைத்திருக்கும் தாஸிம், ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்து கம்ப்யூட்டரைத் தட்டினார். மருந்து இருப்பும் விற்பனையும் பார்க்கும் மென்பொருள் நின்றுபோயிருக்கவில்லை, அடியோடு காணாமல் போயிருந்தது.

1.55. அதை நடத்தும் கட்டுகஸ்தோட்டைக் கம்பனியில் முதலாளி தியாகராஜா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"காலமை தாஸிமோட போனில சண்டை பிடிச்சது நீர். மத்தியானம் இந்த மேசையில தனிய இருந்ததும் நீர். அழிச்சது நீரெண்டு அவருக்கும் சொல்லிப்போட்டன். இனி வேலைக்கு வரத் தேவையில்லை."

"நான் தொடவே இல்லைங்க சேர்," என்ற நிலூஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

பக்கங்களை வடிவமைக்கும் கைரியா அப்போதுதான் உள்ளே வந்தாள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது அவளுக்கு அறவே ஆகாது. கதிரையை இழுத்துப் போட்டு நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாள்.

சேர்வரில் ஒவ்வொரு கடையின் மென்பொருளும் தனித்தனிக் கண்டெய்னரில், அதாவது மற்றதோடு கலக்காத தனிப் பெட்டி போன்ற இடத்தில், ஓடும். பரிசோதனைக்கென்று இன்னொன்றைத் தினமும் காலையில் போட்டு மத்தியானம் அழிப்பார்கள். பக்கத்தில் கடைப் பெயர் எதுவும் இராது. இயந்திரம் தானே வைத்த எழுத்தும் இலக்கமும், அருகில் ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். தொட்டால் போயிற்று, "அழிக்கவா?" என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால் தொட்டது யார் என்றும் தெரியாது. இதையெல்லாம் திருத்தக் கைரியா இரண்டு தடவை கேட்டாள். "சும்மா மினக்கெடுத்தாதையும்" என்று பதில் வந்தது. முதலாளி மாற்றச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வரிசை. இந்தத் திங்கட்கிழமை முதல், வேலை மும்முரமாக நடப்பது மேலே, சும்மா கிடப்பது அடியில்.

கைரியா நிமிர்ந்தாள். "சேர், இன்டைக்குப் பரிசோதனைக் கண்டெய்னர அழிச்சது யாரு?"

"நான்தான். எந்த நாளும் நான்தானே. சாப்பாட்டுக் கடையில இருந்து போனிலயே அழிச்சனான்."

"எத்தின மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும்."

"அதுதான் பரிசோதனைன்டு எப்பிடித் தெரியும்?"

"கடைசி வரிசையிலதானே கிடக்கும்!"

கைரியா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அப்ப இது என்ன சேர்? நீங்க அழிச்சது உசிரோட ஈக்கிது. யாரும் அழிக்காததத்தான் காணோம்."

அவள் திறந்து காட்டிய பரிசோதனைக் கண்டெய்னர் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தியாகராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மத்த நாள்ல தாஸிம் நானாட கடை அந்த நேரம் ஓயாது," என்றாள் கைரியா. "பரிசோதனைதான் கடைசி. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குக் கடைய மூடிடுவார். நம்மட்ட ஈக்கிற கடையில அப்பிடி மூடுறது அவர் மட்டும்தான். ஒரு பில்லும் இல்ல. பரிசோதனையிலயாவது நம்ம ஆக்கள் ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. அதுனால இன்டைக்கு அவர்ட கண்டெய்னர் அடிக்குப் போச்சு. பக்கத்த மாத்தின பிறகு வந்த மொத வெள்ளிக்கிழம இதுதான். அழிச்சது நீங்க சேர்."

தியாகராஜா நிலூஷாவைப் பார்த்தார். பார்ப்பதே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"பிழை என்ரதுதான். நீர் வேலையைப் பாரும்."

நிலூஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாஸிம் ஐயாகிட்டயும் சொல்லிடுங்க சேர். அவருகிட்ட என் பேரத்தானே சொன்னீங்க?"

அவர் போனை எடுத்தார். "தாஸிம் நானா, நிலூஷா இல்லை. அழிச்சது நான். நேற்றைய பிரதி பத்திரமா இருக்கு, இப்பவே ஏத்தித் தாறம்."

மறுமுனையில் தாஸிமின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அப்ப அந்தப் புள்ளக்கிட்டப் போனக் குடுங்க. காலைல நானும் சும்மா சத்தம் போட்டுட்டேன்."

நிலூஷா போனை வாங்கினாள். கைரியா அதற்குள் ஒவ்வொரு வரிசையிலும் கடையின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தாள். இந்தத் தடவை அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.