சத்தம் போடாத ஸ்டவ்

பம்பு ஸ்டவ்வின் மூக்கில் அடைப்பு எடுக்க, அதற்கென்றே ஒரு பின் உண்டு. அது எங்கோ தொலைந்திருந்ததால் சிறுமி பஞ்சு, தன் அம்மாவின் ஊக்கை எடுத்துக் குத்தினாள். ஊக்கின் நுனி உள்ளேயே ஒடிந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே எடுக்க, அம்மிக் குழவியால் லேசாக ஒரு தட்டு தட்டினாள். லேசு என்பது பஞ்சுவின் கணக்கு. ஸ்டவ்வின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

உதவி செய்யத்தான் போனாள். அவளுடைய ஒன்பது வயதுக்குள் நடந்த சேதம் எல்லாமே உதவி செய்யப் போன இடத்தில் நடந்ததுதான்.

அப்பா சுயம்பு தோல் பட்டறையிலிருந்து வந்ததும் பஞ்சு அவரிடம் நேராகப் போய், கோபமா என்று கேட்டாள். அவர் ஸ்டவ்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கும் வயசாயிட்டுல்லா" என்றார். இது ஆமாவா, இல்லையா? பஞ்சுவுக்குப் புரியவில்லை. பெரியவர்களே இப்படித்தான். ஒரு சொல்லில் முடிகிற பதிலை தாராவி முழுக்கச் சுற்றிக்காட்டிவிட்டு, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

பழைய ஸ்டவ் பித்தளை விலைக்குப் போனது. பச்சை வண்ணம் பூசிய திரி ஸ்டவ் ஒன்று வீட்டுக்கு வந்தது. பம்பு அடிக்க வேண்டாம், பின் குத்த வேண்டாம். அம்மா கோமதி அதற்குக் குங்குமம் வைத்துப் பற்றவைத்தாள். பழையது எரிந்தால், நிற்காமல் போகிற ரயில் மாதிரி ஓவென்று இரையும். புதியது எரிகிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை.

தாராவியில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை வீடு. கோலி என்பார்கள். ஒரு கோலிக்கும் அடுத்த கோலிக்கும் நடுவே பலகைதான் சுவர். அந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் தூக்கம் வரும். அதனால் பஞ்சு வீட்டில் ரகசியம் எல்லாம் ஸ்டவ் எரியும்போதுதான் பேசப்படும். யாரும் போட்ட சட்டமில்லை, பழக்கம். ஸ்டவ் போடுகிற கூச்சலில் ஒருவருக்கொருவர் கேட்க வேண்டுமே என்று எல்லாரும் கத்தித்தான் ரகசியம் பேசுவார்கள்.

பலகைக்கு அந்தப் பக்கம் சொர்ணம்மாள். அம்மாவுக்கு மதினி, ஊர்ப் பேச்சில் மைனி; பஞ்சுவுக்கு அத்தை. அம்மா மாட்டுங்காவுக்கு அப்பளம் இடப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் பஞ்சு அத்தை வீட்டுக்குத்தான் போவாள். அத்தை கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுப்பவள். பஞ்சுவும் கூட உட்கார்ந்து ஒட்டுவாள். நன்றாக ஒட்டுகிறேனா என்று கேட்டால், "உனக்கென்னட்டி, பூப் போல கை" என்பாள் அத்தை. பஞ்சு எழுந்து போனதும் அத்தை ஏன் மறுபடியும் பசைக் கிண்ணத்தை எடுக்கிறாள் என்று பஞ்சு யோசித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் சொதி கொடுத்தனுப்புவாள். வாசலில் வாங்கும்போது அம்மா, அமிர்தம் என்பாள். அந்த ஞாயிறும் அப்படித்தான் சொன்னாள். உள்ளே வந்து எரிகிற ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். அப்பளம் இடுகிறவளுக்கு நாக்கு தராசு மாதிரி. பழைய பழக்கத்தில், பழைய குரலிலேயே சொன்னாள்:

"உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கலாம்."

புது ஸ்டவ் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது.

மறுநாள் பஞ்சு போனபோது அத்தை வீட்டுக் கதவு ஒருக்களித்து இருந்தது. அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவலி, வீட்டுக்குப் போ என்றாள். அடுத்த நாளும் தலைவலிதான். பஞ்சு தன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்டுக்குட்டிகளை எண்ணினாள். அதுவும் ஒரே குட்டி, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், கோபமா அத்தை என்று கேட்டேவிட்டாள்.

"எனக்கென்னட்டி கோவம்? நான் உப்பில்லாதவ."

உப்பா? பஞ்சு வாசலில் போய் உட்கார்ந்து யோசித்தாள். ஆட்டுக்குட்டி நாலாவது தடவை வந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. பழைய ஸ்டவ் இருந்திருந்தால் அந்தப் பேச்சை முழுங்கியிருக்கும். அதைக் குழவியால் தட்டியது யார்?

அம்மாவிடம் சொன்னால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அத்தையிடம் போய்ச் சாதிப்பாள். இன்னும் கெட்டுப்போகும். அப்போதுதான் பஞ்சுவுக்கு இன்னொன்று தோன்றியது. பழைய ஸ்டவ் கெட்டதை மட்டுமா முழுங்கியது? அம்மா எத்தனையோ நல்லதும் சொல்லியிருக்கிறாளே. அதுவும் அத்தை காதில் விழுந்திருக்காதே.

அன்று சாயங்காலம் அம்மா உலை வைத்ததும் பஞ்சு பலகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"யம்மா, மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சே, அன்னைக்கு என்னை யாரு தூக்கிட்டுப் போனா?"

"உனக்குத் தெரியாதாக்கும்? மைனிதான். இடுப்பளவு தண்ணி. அவ பை எல்லாம் மிதந்து போவுது, அத விட்டுட்டு உன்னத் தூக்கிட்டு ஓடுனா." அம்மாவின் குரல் வழக்கம்போல் உச்சத்தில் இருந்தது. "இந்தப் பம்பாய்ல எனக்குன்னு ஒரு கூடப்பொறந்தவ உண்டுன்னா அது அவதான்."

அந்தப் பக்கம் காகிதம் சரசரப்பது நின்றது.

இனிதான் ஆபத்தான இடம். பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அப்போ சொதி?"

"சொதியில உப்பு கம்மிதான். அதுக்காக மனுசி கம்மியாயிருவாளா?"

"அத அத்தைகிட்டயே சொல்லலாம்லா?"

"எப்பிடிட்டி சொல்ல? மனசு வருத்தப்படும்லா?"

பஞ்சு பலகைப் பக்கம் திரும்பி இரண்டு தட்டு தட்டினாள். இந்த முறை உண்மையிலேயே லேசாக. "அத்தை, வருத்தப்பட்டீங்களா?"

அம்மா கையிலிருந்த அரிசி முறம் அப்படியே நின்றது. அவள் பலகையைப் பார்த்தாள், ஸ்டவ்வைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கிக்கொண்டு வந்தது முகத்தில் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மூன்று நாள் தாமதமாக.

பலகை வழியாகக் குரல் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் முதலில், பிறகு பேச்சு.

"வருத்தந்தான். இல்லாம பின்ன? ஆனா ஒண்ணு கோமதி, உங்க பழைய ஸ்டவ் போட்ட கூப்பாட்டுல எனக்குத் தெனமும் மண்டையிடி. நான் ஒருநாளாவது சொன்னேனா?"

"சொல்லியிருக்கலாம்லா மைனி" என்றாள் அம்மா.

"எப்பிடிச் சொல்ல? நீ வருத்தப்படுவல்லா?"

முதலில் சிரித்தது யார் என்று பஞ்சுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பலகையே ஆடியது. அப்பா உள்ளே நுழைந்து, என்ன விஷயம் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அவரும் சும்மா சிரித்து வைத்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவே போய் சொதிக்கு உப்புப் போடுவதென்று முடிவானது.

பஞ்சுவுக்கு வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பலகை இடுக்கில் வாயை வைத்துக் கேட்டாள். "அத்தை, நாளைக்கு ஸ்கூல் விட்டு நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

"வாட்டி" என்றாள் அத்தை, எந்தச் சுற்றும் இல்லாமல். "ஆனா பைய மட்டும் தொடாத. நீ ஒட்டுதது ஒண்ணுகூட நிக்க மாட்டேங்கு."