படகு மரக் கதவு

கெய்ரோவில் மழை பெய்தால் பாதி நகரம் வீட்டிலேயே இருந்துவிடும். நெர்மீன் இருக்கவில்லை. சொட்டச் சொட்ட நனைந்தபடி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, அறிக்கையை மேசைமேல் போட்டாள்.

"இதுல கையெழுத்துப் போட்ட உஸ்தாத் ஹாஸிம் யாரு?"

"நான்தான். உக்காருங்க டாக்டர்... காகிதத்தைவிட நீங்கதான் அதிகமா நனைஞ்சிருக்கீங்க."

சிரிக்கிற கண்கள்... அதனாலேயே அவளுக்குக் கோபம் கூடியது.

மின்யாவில் அவள் தோண்டிய கல்லறை அது. பானைகளை வைத்து அவள் ஒரு காலம் சொல்லியிருந்தாள். சவப்பெட்டி மரமோ அதற்கும் முந்நூறு வருஷம் மூத்தது என்றது அறிக்கை. அதுதான் சரியென்றால் அவள் கணிப்பு தப்பாகி, அகழாய்வு அவள் கையை விட்டுப் போய்விடும்.

"உங்க மெஷின் பொய் சொல்லுது."

"அதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. உயிர் போனதுக்கப்புறம் மரத்துல இருக்கிற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். மிச்சத்தை எண்ணிச் சொல்றோம்... ஆமா, உங்க வீட்டு வாசக்கதவு எப்போ செஞ்சது?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

"வீடு நான் பொறந்தப்போ கட்டினது. கதவு அதுக்கும் பழசு, படகு மரம்..."

நெர்மீன் நிறுத்தினாள். யாரோ ஓட்டித் தேய்ந்த பழைய படகை உடைத்து அப்பா செய்த கதவு அது. மரம் கிடைக்காத எங்கள் நாட்டில் யார் மரத்தை வீணாக்குவார்கள்? சவப்பெட்டியும் ஏதோ பழைய உத்தரம்தான்... இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

"கல்லறைக்குள்ள ஒரே பருவம் மட்டும் வாழ்ந்தது ஏதாவது இருக்கா, டாக்டர்? தானியம், இலை, பூ..."

இருந்தது. இறந்தவளின் மார்பில் ஒரு நீலப்பூ மாலை.

"அதுல கொஞ்சம் எரிச்சாத்தான் வயசு தெரியும்."

"யாரோ அழுதுகிட்டே போட்ட மாலை, உஸ்தாத். அதையா எரிக்கச் சொல்றீங்க?"

விருட்டென்று எழுந்து போய்விட்டாள்.

ஆனால் தோற்றுப்போக அவளுக்கு வராது. மறுவாரமே மாலைப் பெட்டியோடு வந்து நின்றாள். ஹாஸிம் இடுக்கியால் உதிர்ந்த இலைகளை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"இது போதும். பூவெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்த நிமிஷமே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

முடிவு வந்தபோது அவன் ரயிலேறி, மின்யாவில் அவள் தோண்டும் குழியருகிலேயே வந்து நின்றான்.

"பானை சொன்னதுதான் சரி. நீங்க சொன்னதுதான்."

நெர்மீனுக்குக் கண் நிறைந்தது. ஜெயித்துவிட்டாள்... இனி இந்த மண்ணை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

"இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்..."

"அப்புறம்?"

"அந்தப் படகுக் கதவை நானே வந்து தட்டணும். அப்பா எப்போ வீட்ல இருப்பார்?"

எங்கள் பக்கத்தில் ஒருவன் இப்படிக் கேட்டால் பெண் கேட்டு வருகிறான் என்று அர்த்தம். நெர்மீன் குனிந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். நிமிர்ந்தபோது கண்ணில் தயக்கமே இல்லை.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாங்க. கெட்டி மரம்... பலமாத் தட்டணும். அப்பா முடியாதுன்னா திரும்பிப் போயிடாதீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உள்ளேயிருந்து கதவைத் திறக்கப்போறது நான்தான்."