கல்லில் முளைத்த பல்

நேற்று மாலை அவள் உடைத்த பல், இன்று காலை தாடையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். உள்ளங்கை நீளத் தாடை, பழுப்பேறிய கல், வரிசையாகப் பற்கள். நேற்று ஊசி வழுக்கிய இடத்தில் வெறும் குழிதான் மிஞ்சியிருந்தது. இப்போது அந்தக் குழியிலிருந்து, பக்கத்துப் பற்களைவிடச் சற்றுக் குட்டையாக, வெளிறிப்போய் ஒன்று எட்டிப்பார்த்தது. கைப்பையைத் திறந்து, உள்ளறையில் ஒளித்துவைத்த டிஷ்யூ பொட்டலத்தைப் பிரித்தாள். உடைந்த பல் அங்கேயும் இருந்தது.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், பாறைக்குள் புதைந்த எலும்புகளைச் சுரண்டிப் பிரித்தெடுப்பது அவள் வேலை. அதை வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய தாய்மாமா. அந்தப் பிரிவுக்கே தலைவர். மேல்மாடியில் எல்லோரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் படியேறும்போது பேச்சு சட்டென்று நின்றுபோகும். மாமா மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். "அவ கை பூவைத் தொடற கை. உங்க யாரையாவது நம்பி அதைக் கொடுப்பேனா?" என்பார்.

'அது' என்றால் இந்தத் தாடைதான். டைனோசர்களோடு சேர்ந்து பூண்டோடு அழிந்துபோன ஒரு பல்லிக் குடும்பம் மாமாவின் வாழ்நாள் வேலை. அந்தக் குடும்பத்துக்குக் காலும் கிடைக்கவில்லை, முதுகெலும்பும் கிடைக்கவில்லை, மண்டையோடும் கிடைக்கவில்லை. எந்தப் பாறையைப் பிளந்தாலும் கீழ்த்தாடை மட்டும்தான். "வாயை மட்டும் விட்டுட்டுப் போன குடும்பம் உலகத்துலயே இது ஒண்ணுதான், உங்க அத்தை வீட்டாளுங்களைத் தவிர," என்று சொல்லிச் சிரிப்பார். பேரழிவைக் காட்டும் மெல்லிய களிமண் அடுக்குக்கு மேலே, அதற்குப் பிந்திய காலத்துப் பாறையில், ஒரு துண்டுகூட அகப்பட்டதில்லை. இந்தத் தாடை அதற்கு மேலே கிடைத்தது. அதாவது, அந்தக் குடும்பம் அழியவில்லை. மாமா அதைப் பஞ்சில் பொதிந்து, தானே தூக்கிவந்து அவள் மேஜையில் வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அதைத்தான் அவள் உடைத்தாள். நேற்று அவளுக்குத் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான். ஒரு கொட்டாவி, ஒரு சின்ன 'டக்'. உடனே மேலே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் திட்டோடு முடிந்திருக்கும். அவள் பொட்டலம் கட்டினாள். இரவு முழுக்க முகம் எரிந்தது.

பல்லிகளுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறாள். உயிரோடிருக்கும் பல்லிகளுக்கு.

தொலைபேசி அடித்தது.

"முடிஞ்சுதாம்மா?"

"முடியப்போகுது மாமா."

"சேதாரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாமா."

"எனக்குத் தெரியும்டா கண்ணு. இங்க ஒருத்தன் கேட்டான், அவனுக்காகத்தான் கேட்டேன்."

அவள் ரிசீவரை வைத்தாள். பல் முளைத்ததைச் சொன்னால் பல் விழுந்ததைச் சொல்ல வேண்டும். விழுந்ததைச் சொன்னால், நேற்றிலிருந்து மறைத்ததைச் சொல்ல வேண்டும். இப்போது சொன்ன பொய்யும் அதில் சேர்ந்துவிட்டது.

அதற்கடுத்த நாட்களில் அவள் தாடையை வேலைக்காகத் தொடவில்லை. பார்க்க மட்டும் செய்தாள். காற்றுறிஞ்சும் குழாயை நிறுத்தினால் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய்களின் முனகலும் பாறைத்தூளின் வறண்ட மணமும் மட்டுமே மிஞ்சும். ஆனால் இப்போது அந்த வறட்சிக்கு அடியில், நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் பக்கத்தில் வந்து பேசும்போது அடிக்குமே, அப்படி ஒரு புளித்த வாடை இழையோடியது. கல்லின் பழுப்பு நாளுக்கு நாள் வெளுத்தது. கையில் எடுத்தால் கனம் குறைந்திருந்தது. ஒரு காலையில் விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுத்தபோது நுனியில் ஈரம் நூலாக இழுபட்டது.

அவள் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். பிறகு, நோயாளியின் படுக்கையை யாரும் பார்ப்பதற்குள் மாற்றுகிறவளைப் போல, தாடையை அவசர அவசரமாக ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூடி, இரும்பு அலமாரிகளின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய், அந்தக் குடும்பத்தின் மற்றத் தாடைகள் கிடக்கும் இழுப்பறைக்குள் தள்ளிச் சாத்தினாள். கண்ணுக்கு மறைந்தால் போதும் என்றிருந்தது.

அன்று மாலையே அந்த வரிசையிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார்களே, அந்தச் சத்தம். ஒருவர் கடிப்பதாக இல்லை. ஒரு வீடு நிறையப் பேர் படுத்துக் கடிப்பதாக இருந்தது.

அவள் காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு காலி மேஜையின் முன் குனிந்து வேலை செய்வதுபோல் இருந்தாள்.

மறுநாள் மதியம் மாமா இறங்கி வந்தார். வெளியே மழை, தோளெல்லாம் நனைந்திருந்தது. புதுச்சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். படமெடுக்க ஆட்கள் மேலே காத்திருக்கிறார்களாம்.

"எங்கம்மா நம்ம ஆளு?"

"பின்னாடி... கடைசி வரிசைல வச்சிருக்கேன் மாமா. பத்திரமா இருக்கட்டும்னு."

"அதானே, உனக்குச் சொல்லித் தரணுமா? நீ உட்காரு, நான் எடுத்துட்டு வரேன்."

"லைட் எரியல அங்க."

"டார்ச் இருக்கு."

"நான் வேணா போய்..."

அவர் அவள் தலையில் கை வைத்தார். "இத்தனை நாள் கழுத்து ஒடிய வேலை பாத்திருக்க. உங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், உன் பொண்ணு என் பேரைக் காப்பாத்திட்டான்னு."

அவர் நடந்தார். அலமாரிகளுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் ஒடிந்து ஒடிந்து போனது. போகாதீங்க மாமா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். திரும்பி நின்று, அந்த வாரிய தலையோடு, அந்தப் புதுச்சட்டையோடு ஏன் என்று கேட்பார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் அனலாகக் கொதித்தன. இழுப்பறை இழுபடும் ஓசை கேட்டது.

நறநறப்பு நின்றது.

"என்னம்மா இது, ஈரமா..." என்றார் மாமா.

அப்புறம் ஒன்றுமில்லை. மழை. குழாய்.

"மாமா?"

டார்ச் விழுந்து உருளும் சத்தம். வெளிச்சம் கூரையில் ஒருமுறை சுழன்று தரையில் படுத்தது. ஏதோ கனமானது சாய்ந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் ஓடியிருப்பாள்; அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர் பேச முயல்வதுபோல ஒரு குழறல் வந்தது. அதில் தன் பெயர் இருப்பதாக அவளுக்குப் பட்டது. எழுந்தாள். உட்கார்ந்தாள். மேலே ஓடி யாரையாவது அழைத்து வரலாம். வந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

வெளிச்சம் நகர்ந்தது. தரையோடு தரையாக. அவளை நோக்கி.

தேடிக்கொண்டு வருகிறார். எதையோ கீழே போட்டுவிட்டார், குனிந்து தேடுகிறார். புதுச்சட்டை தரையில் உரசியது. முழங்கை. முழங்கால். முழங்கை. ஈரமாக ஒன்று இழுபட்டது.

"மாமா, அந்தப் பல்லை நான்தான்..."

முடிக்கவில்லை. அவர் கடைசி அலமாரியைத் தாண்டி வெளிச்சத்துக்குள் வந்துவிட்டார். நான்கு காலில். படிய வாரிய தலை கலையவே இல்லை. நெற்றி மாமாவுடையது. கண் மாமாவுடையது. மூக்குக்குக் கீழே, கன்னம் இரண்டும் தோள்வரை கிழிந்து விரிய, அந்தத் தாடை வளர்ந்து பொருந்தியிருந்தது. புதிதாக. வெள்ளையாக.

அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. அவளிடம் கோபப்படவில்லை. சடாரென்று தாழ்ந்துகொண்டன. மாமா கூனிக்குறுகி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அவள் பார்க்காதபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கை போதவில்லை. விரல் இடுக்குகளில், ஒவ்வொன்றாக, பல் முளைத்து வெளியே வந்துகொண்டிருந்தது.